எழுதப்படாத மகளிர் பருவம்

வங்க மண்ணில் வாழும் தமிழராகிய நாம் அறிய வேண்டிய புதினம், ஜோதிர்மயி தேவியின் 'ஏபார் கங்கா ஓபார் கங்கா'. 1968-இல் நூலாக வெளிவந்தது. 1946-ஆம் ஆண்டு நவகாளிக் கலவரத்தில் பெற்றோரையும் தமக்கையையும் பறிகொடுத்த சுதாரா என்னும் பெண்ணின் கதை இது.

அவளைக் காத்துப் பேணியோர் அண்டை வீட்டு முஸ்லிம் குடும்பத்தார். கல்கத்தாவில் ஒதுக்கியோர் உற்றார். வேற்று மதத்தார் இல்லத்தில் உண்டு உறைந்தாள் என்பதே குற்றமாம்! சமையற்கட்டு முதல் மணவீட்டுப் பந்தி வரை அவளுக்கு விலக்கு. கலவரக்காரரின் கொடுமை ஓரிரவில் முடிந்தது. ஆசாரத்தின் கொடுமையோ ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது.

அவ்விரவில் அவளுக்கு நேர்ந்ததை ஆசிரியை வெளிப்படச் சொல்லவில்லை. அம்மௌனமே நூலின் வலிமை. சொல்லியிருப்பின், அவள் களங்கமற்றவளா என நாமும் ஆராயப் புகுந்திருப்போம். அவ்வாராய்ச்சியே அநீதி என்பதன்றோ அவர் துணிபு!

இதழில் வந்தபோது இப்புதினத்தின் பெயர் 'இதிஹாஸே ஸ்திரீ பர்வ'. பாரதத்தின் ஸ்திரீ பருவத்தில் மகளிர் மாண்ட ஆடவர்க்காக அழுகின்றனர். தமக்கு நேர்ந்ததை மகளிரே உரைக்கும் பருவம் வரலாற்றில் எழுதப்படவில்லை என்பதே அப்பெயரின் குறிப்பு.

இறுதியில் பிரமோத் மணக்க முன்வருவது சற்று அவசரமாகப் படுகிறது. தில்லியில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியையாகச் சுதாரா தன் காலில் நிற்பதே போதிய விடை. எனினும் குறை சிறிது, நிறை பெரிது. தீட்டும் விலக்கும் நம் இல்லங்களுக்கும் புதியனவல்ல. ஆதலின் இது வங்காளியரின் கதை மட்டுமன்று.