தோற்ற பயிற்றுவிப்பாளரை எப்போது அனுப்புவது?

கரைவலை வெறுமையாக ஏறிய நாளில் எங்கள் கரையோரத்தில் இரண்டு விதமான பேச்சு எழும். அனுபவப்பட்டவர்கள் காற்றைப் பார்ப்பார்கள், நீரோட்டத்தைப் பார்ப்பார்கள், பிறகு வலையைப் புரட்டிப் பொத்தல் தேடுவார்கள். மற்றவர்கள் வலைக்காரனைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். விளையாட்டு என்று வந்துவிட்டால் நாம் எல்லோருமே இரண்டாவது கூட்டம்தான். கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு மகளிர் அணி தொடர்ந்து நாலு ஆட்டம் தோற்றால், தேத்தண்ணிக்கடையில் தீர்ப்பு எழுத ஒரு பிளேன்டி முடியும் நேரம் போதும்: “கோச்ச மாத்தணும்கா.”

இது நம் ஊரின் பழக்கம் மட்டுமல்ல. கல்லூரி மகளிர் கூடைப்பந்தாட்டத்தில் கோடிக்கணக்கில் பணம் புழங்கும் அமெரிக்காவிலும், மகளிர் கிரிக்கெட் அரங்கை நிரப்பும் இந்தியாவிலும் தோல்விக்குப் பிறகு முதலில் தேடப்படுவது பயிற்றுவிப்பாளரின் தலைதான். இந்த வழக்கத்தில் நியாயம் எவ்வளவு, பிழை எவ்வளவு என்று எடைபோட்டுப் பார்க்கலாம்.

நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு மாணவியின் பல்கலைக்கழக வாழ்வு மூன்று, நான்கு வருடம். அதில் இரண்டு வருடத்தை ஆட்டம் தெரியாத ஒரு பயிற்றுவிப்பாளர் வீணாக்கினால் அதை அவளுக்குத் திருப்பித் தர யாராலும் முடியாது. பதினைந்து பேர் கொண்ட அணியைக் கலைப்பதைவிட ஒருவரை மாற்றுவது எளிது என்பதும் உண்மை. இவற்றைவிடக் கனமான காரணம் இன்னொன்று உண்டு. ஆண்கள் அணி தோற்றால் கூட்டம் கூடும், கேள்வி எழும், அறிக்கை கேட்கப்படும். பெண்கள் அணி தோற்றால் “பொம்புளப் புள்ளையள்தானே, விளையாடினதே பெரிய விசயம்” என்று விட்டுவிடுவார்கள். அந்தக் கருணை உண்மையில் அலட்சியம். அதன் நிழலில் ஒன்றுமே கற்றுக்கொடுக்காதவர்கள் வருடக்கணக்கில் விசிலோடு நிற்கிறார்கள். ஆகவே ஒரு மகளிர் அணியின் தோல்விக்குக் கணக்குக் கேட்பது, அந்த அணியை அணியாக மதிப்பதன் அடையாளம்.

கணக்குக் கேட்பது சரி. ஆனால் யாரிடம் கேட்கிறோம் என்பதில்தான் வழக்கம் வழுக்குகிறது. சென்னைக்காரரான டப்ளியூ.வி. ராமனுக்கு நடந்ததைப் பாருங்கள். 2018 டிசம்பரில் அவர் இந்திய மகளிர் கிரிக்கெட் அணியின் பயிற்றுவிப்பாளரானார். அதற்கு முந்தைய மாதம்தான், இருபதுக்கு 20 உலகக் கிண்ண அரையிறுதியில் மூத்த வீராங்கனை மிதாலி ராஜை வெளியே உட்காரவைத்த விவகாரத்தில் முந்தைய பயிற்றுவிப்பாளர் ரமேஷ் பொவாரின் காலம் முடிந்திருந்தது. ராமனின் கீழ் அணி 2020 மார்ச் 8ஆம் திகதி மெல்பேர்னில் இருபதுக்கு 20 உலகக் கிண்ண இறுதியாட்டம் வரை போனது. 86,174 பேர் பார்த்திருக்க, அவுஸ்திரேலியாவிடம் தோற்றது. பிறகு பெருந்தொற்று. ஏறத்தாழ ஒரு முழு வருடம் அந்த அணிக்கு ஒரு சர்வதேச ஆட்டம்கூட அமையவில்லை. 2021 மார்ச்சில் தென்னாபிரிக்கா லக்னோ வந்தபோது துருவேறிய அணி ஒருநாள் தொடரை 1–4 என்றும், இருபதுக்கு 20 தொடரை 1–2 என்றும் இழந்தது. மே மாதம் ராமன் போனார். பொவாரே திரும்பி வந்தார்.

ஆட்டம் ஏற்பாடு செய்வது பயிற்றுவிப்பாளரின் வேலையல்ல, கிரிக்கெட் சபையின் வேலை. ஒரு வருடம் பட்டினி போட்டது ஒருவர், மெலிந்ததற்குக் கேள்வி கேட்கப்பட்டவர் இன்னொருவர். திரும்பி வந்தவராலும் அற்புதம் நிகழவில்லை: 2022 உலகக் கிண்ணத்தில் இந்தியா அரையிறுதியைத் தொடவில்லை. அதே வருட இறுதியில் அவரும் மாற்றப்பட்டார். 2023 ஒக்டோபரில் பயிற்றுவிப்பாளராக வந்த அமோல் முசும்தாருக்கும் சறுக்கல் வந்தது. 2024 இருபதுக்கு 20 உலகக் கிண்ணத்தில் அணி முதற் சுற்றோடு வீடு திரும்பியது. ஆனால் இந்த முறை ஆளை மாற்றவில்லை. 2025இல் சொந்த மண்ணில் நடந்த உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா, இங்கிலாந்து என வரிசையாக மூன்று தோல்வி வந்தபோது பழைய கூச்சல் மறுபடி எழுந்தது. இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 2ஆம் திகதி, அதே அணி தென்னாபிரிக்காவை 52 ஓட்டங்களால் வென்று கிண்ணத்தைத் தூக்கியது.

நம் நாட்டின் கணக்கு இன்னும் வேடிக்கையானது. 2024 ஜூலை 28ஆம் திகதி தம்புள்ளையில் இந்தியாவை எட்டு விக்கெட்டால் வீழ்த்தி இலங்கை மகளிர் முதல் முறையாக ஆசியக் கிண்ணத்தை வென்றபோது பயிற்றுவிப்பாளர் ருமேஷ் ரத்நாயக்க. ஒக்டோபரில் இருபதுக்கு 20 உலகக் கிண்ணத்தின் நான்கு ஆட்டங்களிலும் தோற்றபோதும் அவரேதான். ஏறத்தாழ பத்து வாரத்தில் ஒரு மனிதர் ஆட்டத்தை மறந்துவிட முடியுமா? ஜூலையில் அவரைத் தோளில் தூக்கியவர்களுக்கும் ஒக்டோபரில் திட்டியவர்களுக்கும் ஒரே தவறு: சிறிய எண்ணிக்கையில் நடந்த ஆட்டங்களிலிருந்து பெரிய முடிவை எடுத்தது.

ஆய்வாளர்களும் இதைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் உதைபந்தாட்டக் கழகங்களின் 1986 முதல் 2004 வரையான பதிவுகளைப் பொருளியலாளர் பாஸ் தேர் வீல் ஆராய்ந்தார். பயிற்றுவிப்பாளரை நீக்கிய கழகங்கள் பிறகு மீண்டது உண்மை. ஆனால் அதே அளவு சரிந்தும் நீக்காமல் விட்ட கழகங்களும் மீண்டிருந்தன. அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபுட்போல் ஆட்டத்தை ஆராய்ந்த வேறொரு குழு கண்டது இன்னும் கசப்பானது: அடிமட்டத்தில் கிடந்த அணிகளுக்கு ஆளை மாற்றியதால் பெரிய பயன் இல்லை, நடுத்தரமான அணிகள் மாற்றிய பின் இன்னும் கீழே போயின. அறுகம்பேயில் அலை பார்க்கும் பிள்ளைக்கு இது புதிதல்ல. டிசம்பரில் குழம்பிக் கிடக்கும் கடல் மேயில் சீராகும். இடையில் யாராவது கரையில் நின்று விசில் ஊதியிருந்தால், விசிலால்தான் கடல் சீரானது என்று அவர் சொல்லிக்கொள்ளலாம்.

பொறுத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கல்லூரி மகளிர் கூடைப்பந்தாட்டத்திலேயே இரண்டு பெயர்கள் எப்போதும் சொல்லப்படும். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் 1985இல் சேர்ந்த ஜீனோ ஓரியேமாவின் முதல் பருவம் 12 வெற்றி, 15 தோல்வி. அதன் பிறகு அவர் தோல்விகள் மிகுந்த ஒரு பருவத்தைப் பார்க்கவேயில்லை. 2025 வரை 12 தேசியப் பட்டங்கள். டோன் ஸ்டேலியின் கதை இன்னும் பொருத்தமானது. வீராங்கனையாக மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர், 2008இல் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்றுவிப்பாளராக வந்தார். முதல் பருவத்தில் 10 வெற்றி, 18 தோல்வி. தன் பிராந்தியக் குழுவில் ஆடிய 14 ஆட்டங்களில் வென்றது இரண்டு. இரண்டாம் பருவத்திலும் 14–15. மூன்றாம் பருவத்தில்தான் தராசு வெற்றிப் பக்கம் சாய்ந்தது. 2014இல் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்த ஏஜா வில்சன் என்ற வீராங்கனை அணிக்கு வந்தார். 2017இல் முதல் தேசியப் பட்டம். பிறகு 2022, 2024. கடைசியாகச் சொன்ன பருவத்தில் 38 ஆட்டம் ஆடி ஒன்றிலும் தோற்கவில்லை.

இந்த இடத்தில் பொறுமையின் ஆதரவாளர்கள் கைதட்டிவிட்டுப் பேச்சை முடித்துவிடுவார்கள். அது நேர்மையல்ல. ஸ்டேலியை நாம் அறிவது அவர் வென்றதால். மூன்று வருடம் காத்திருந்தும் எங்கும் போகாத பயிற்றுவிப்பாளர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் எந்தக் கட்டுரையிலும் வராது. இன்னொன்று: தென் கரோலினா சும்மா காத்திருக்கவில்லை. அரங்கு, சம்பளம், உதவியாளர்கள், புதிய மாணவிகளைத் தேடிச் செல்லப் பயணச் செலவு எல்லாம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தது. ஒன்றும் கொடுக்காமல் காத்திருப்பதற்குப் பெயர் பொறுமையா, மறதியா?

வெற்றி எண்ணிக்கை மறுபக்கத்திலும் ஏமாற்றும். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சில்வியா ஹாட்செல் 1994இல் தேசியப் பட்டம் வென்றவர், ஆயிரத்துக்கு மேற்பட்ட வெற்றிகளைக் கண்டவர். இனம் சார்ந்து காயப்படுத்தும் பேச்சுகள், உபாதையோடு ஆட மாணவிகளுக்குத் தரப்பட்ட அழுத்தம் ஆகியவை பற்றிய வெளியார் விசாரணைக்குப் பிறகு 2019 ஏப்ரலில் அவர் பதவி விலகினார். 10–18 என்ற பதிவோடு ஒருவர் இருக்கத் தகுதியானவர். ஆயிரம் வெற்றியோடு ஒருவர் போக வேண்டியவர். இரண்டையுமே வெற்றிப் பலகை சொல்லவில்லை.

இனி நம் கரைக்கு வருவோம். நம் பக்கத்துப் பெண்பிள்ளை பாடசாலையில் பெரும்பாலும் வலைப்பந்தாட்டம் ஆடியவள். இலங்கை ஆறு முறை ஆசியப் பட்டம் வென்ற ஆட்டம் அது. வலைப்பந்தில் பந்து கைக்கு வந்ததும் நிற்க வேண்டும். கூடைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட வேண்டும். பத்து வருடம் நிற்கப் பழகிய காலை ஓடப் பழக்குவதற்கே ஒரு பருவம் போய்விடும். அதற்கும் முன்னால் பயிற்றுவிப்பாளர் ஆட வேண்டிய ஆட்டம் ஒன்று வீட்டு வாசலில் இருக்கிறது. மஃரிப் தொழுகைக்கு முன் பிள்ளை வீடு வந்து சேருமா, தூரத்துப் போட்டிக்குப் பெண் ஆசிரியை கூட வருவாரா, தெருவோரத் திடலில் யாரெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்று வாப்பா கேட்பார். உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் எத்தனை மாதம் என்று உம்மா கேட்பார். இந்தக் கேள்விகளில் தோற்ற பயிற்றுவிப்பாளருக்குத் திடலில் ஐந்து பேர்கூடத் தேறமாட்டார்கள்.

தலையை மறைத்துக்கொண்டு ஆடலாமா என்ற கேள்விக்கே உலகம் அண்மையில்தான் பதில் சொன்னது. 2014இல் தென்கொரியாவின் இஞ்சியோன் ஆசிய விளையாட்டு விழாவில் ஹிஜாபைக் கழற்றச் சொன்னதால் கட்டார் மகளிர் கூடைப்பந்தாட்ட அணி ஆடாமலே விலகியது. சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் விதியை மாற்றி, 2017 ஒக்டோபர் 1 முதல் தலைமறைப்பை அனுமதித்தது. அப்படியென்றால் ஹிஜாப் அணிந்த பிள்ளைக்கு இந்த ஆட்டத்தின் சர்வதேசக் கதவு திறந்து பத்து வருடம்கூட ஆகவில்லை. நீண்ட கால மரபுள்ள கொழும்புக் கல்லூரி அணியோடு அவளை நிறுத்தி, புள்ளி வித்தியாசத்தை மட்டும் வைத்து அவளுடைய பயிற்றுவிப்பாளரை எடைபோடுவது தராசின் ஒரு தட்டில் கல்லை வைத்துக்கொண்டு நிறுப்பது போன்றது.

வேறு அளவுகோல்கள் நம் அருகிலேயே இருக்கின்றன. 2018இல் அறுகம்பேயில் பெண்களுக்கென்று அலைச்சறுக்குக் கழகம் ஒன்று தொடங்கியது, நாட்டிலேயே முதலாவது. கடலோரத்தில் பிறந்தும் கடலில் இறங்காத பெண்கள் பலகையோடு இறங்கினார்கள் என்பதுதான் அதன் முதல் வெற்றி; பதக்கம் பிறகு. வடக்கே மட்டக்களப்புக்குப் போனால், அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1948இல் வந்த இயேசுசபைத் துறவி யூஜின் ஹேபர்ட்டை இன்றும் நினைவுகூர்வார்கள். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பையன்களுக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுத்தவர். போர்க்காலத்தில், 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி காணாமற்போனார். கிழக்கில் இந்த ஆட்டத்துக்கு ஒரு மரபு உண்டென்றால் அது இப்படிப் பல்லாண்டு ஒரே மண்ணில் நின்றவர்களால் வந்தது. பெண்களுக்கு அப்படி ஒருவரை நாம் எங்கே நிற்கவிட்டோம்?

என் முடிவு இது. பயிற்றுவிப்பாளருக்கு மூன்று பருவம் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் நான்கு கேள்வி கேட்க வேண்டும். வாரத்தில் எத்தனை மணித்தியாலம் திடலும், வருடத்தில் எத்தனை ஆட்டமும் அவருக்குக் கொடுத்தோம்? போன வருடம் வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த வருடமும் வந்தார்கள்? தோற்கும் இடைவெளி சுருங்குகிறதா, பந்தை வீணாக இழப்பது குறைகிறதா? பயிற்றுவிப்பாளர் இல்லாத இடத்தில், ஒரு பெண் விரிவுரையாளர் கேட்டால், மாணவிகள் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?

நான்காவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலில் அவமதிப்போ அத்துமீறலோ தெரிந்தால் மூன்று பருவம் என்ற பேச்சே இல்லை. விசாரணை அன்றே தொடங்க வேண்டும், கையில் எத்தனை கிண்ணம் இருந்தாலும். முதல் கேள்விக்கு நாம் வெட்கப்படாமல் பதில் சொல்ல முடிந்து, இரண்டாவதும் மூன்றாவதும் மூன்று வருடமாக அசையாமல் நின்றால், நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். அதில் கருணைக்கு இடமில்லை. வீணாகப்போவது பிள்ளைகளின் வருடங்கள்.

ஆனால் முதல் கேள்வியிலேயே நாக்குக் குழறினால், வாரத்தில் இரண்டு மணித்தியாலமும், மூன்று பழைய பந்தும், வருடத்துக்கு ஒரு போட்டியும்தான் கொடுத்தோம் என்றால், வரப்போகும் பயிற்றுவிப்பாளருக்கும் அதையேதான் கொடுப்போம். அவரும் தோற்பார். அடுத்த பிளேன்டிக்கு அதே கடையில் அதே பேச்சு தயாராக இருக்கும்.