ஓடையில் ஒரு சொட்டு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறும் பாதையில் பெரியார் அருவி இருக்கிறது. அப்பக்கத்து ஓடை ஒன்றுக்கு, ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களோடு துணைக்குச் சென்றிருந்தேன். ஓடைவாழ் உயிர்களை ஆராய்வது பயணத்தின் நோக்கம். மாணவர் கையில் காகித நுண்ணோக்கியும் ஒரு செயல்தாளும் இருந்தன. ஓடை நீரில் ஒரு சொட்டு எடுத்து நோக்கி, கண்டதை வரையச் சொன்னது அத்தாள். மாலையில் நோட்டுகளைப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் அமீபாவும் பாரமீசியமும் இருந்தன. பாடநூலில் உள்ளபடியே, அதே வளைவுகளுடன்! ஓடையில் அவற்றை ஒருவரும் கண்டதாக எனக்குத் தெரியவில்லை.

பிழை எங்கே? கருவியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மனு பிரகாஷும் அவர் மாணவர் ஜிம் சைபுல்ஸ்கியும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கி, 2014இல் விவரம் வெளியிட்ட ஃபோல்டுஸ்கோப் அது. எடை 10 கிராமுக்கும் குறைவு, மிதிபட்டாலும் கெடாது. ஆனால் அதன் இயல்பை ஒரு சிறு கணக்கால் அறிந்துகொள்ள வேண்டும். அதன் லென்சு 2.4 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் கோளம். ஒளிவிலகல் எண் 1.52 எனக் கொண்டால் குவியத்தூரம் சுமார் 1.75 மி.மீ. தெளிவான பார்வைக்குரிய 250 மி.மீ. தூரத்தை இதனால் வகுத்தால் ஏறத்தாழ 140 மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கும். பத்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் குவியத்தூரம் கோளத்தின் மையத்திலிருந்து அளக்கப்படுவது. ஆரமான 1.2 மி.மீ.ஐக் கழித்தால், லென்சின் பரப்புக்கும் பொருளுக்கும் இடையே எஞ்சுவது அரை மி.மீ.க்குச் சற்று மேல். அந்த இடுக்கில் உயிருள்ள பூச்சி எப்படி நிற்கும்?

சொட்டும் தவறான சொட்டு. லீவன்ஹூக் 1674இல் நீரில் நுண்ணுயிர்களைக் கண்டது டெல்ஃப்ட் நகருக்கு அருகே, தேங்கிய ஏரி நீரில். பாய்ந்தோடும் மலை ஓடையில் மிதந்து வாழ்பவை மிகக் குறைவு. வெள்ளம் அடித்துச் சென்றுவிடும். அங்கே உயிர்வாழ்க்கை கல்லை ஒட்டியே நடக்கிறது. கல்லின் பரப்பைத் தொடும் நீரின் வேகம் சுழி. அதற்கு மேல் மெல்லிய படலம் ஒன்று மெதுவாகவே நகர்கிறது. அப்படலத்தில் ஒண்டிக்கொள்ள ஏற்றவாறு, மே ஈ எனப்படும் பூச்சியினங்கள் பலவற்றின் இளம்பருவத்துக்கு உடல் தட்டையாக அமைந்திருக்கிறது. வாலில் பெரும்பாலும் மூன்று இழைகள். வயிற்றின் இருபுறமும் செவுள்கள். ஆக்சிஜன் குறைந்து கழிவு சேர்ந்த நீரில் இவற்றுள் பெரும்பாலானவை தங்குவதில்லை. எனவே இவற்றைத் தேடுவது நீரையே சோதிப்பதாகும். இம்மலையில் பிறக்கும் கோமுகியைத்தானே அடிவாரத்தில் அணை கட்டித் தேக்கியிருக்கிறோம்! நீரின் நலம் நமக்கு அந்நியமான செய்தியன்று.

இவற்றைக் காண 10 மடங்கு பெருக்கும் கைலென்சு போதும். அதன் குவியத்தூரம் 25 மி.மீ.; வெள்ளைப் பீங்கான் தட்டில் நீர் ஊற்றி, பூச்சியை நசுக்காமல், செவுள்கள் அசைவதைக்கூடப் பார்க்கலாம். பார்த்ததும் கல்லை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். காகித நுண்ணோக்கிக்கு அடுத்த முறை வரும்: கல்லின் வழுவழுப்பைச் சிறிது சுரண்டி வைத்தால் சிலிக்கா ஓடுடைய டயாட்டங்கள் தெரியும். அங்கேதான் 140 மடங்குக்கு வேலை. அதிகப் பெருக்கமே சிறந்த பெருக்கம் என்ற எண்ணம் எங்கள் கல்லூரி ஆய்வகத்திலும் உண்டு. நானும் அதற்கு விலக்கல்லன்.

ஒரு மாணவி மட்டும் நோட்டில் வெறும் வட்டம் வரைந்து, “ஒன்றும் தெரியவில்லை” என்று எழுதியிருந்தாள். அதன் கீழே சிவப்பு மையில் “மீண்டும் வரைக” என்றிருந்தது. அன்றைய நோட்டுகளில் கண்டதைக் கண்டபடி எழுதிய பக்கம் அது ஒன்றுதான். அவள் மீண்டும் வரைந்துவிட்டாள், அமீபாவைத்தான்.