110 தோற்ற விமானமா?

1940 பிரிட்டன் வான்போரில் மெஸ்ஸர்ஷ்மிட் 110 தோற்றுப்போச்சு என்று படித்துவிட்டு, ‘கிளிஃப்ஸ் ஆஃப் டோவர்’ சிமுலேட்டரில் ஸ்பிட்ஃபயரோடு அதன்மேல் நேராகப் பாய்கிறவர்கள் நிறைய பேர். அது தப்பு.

110-ன் மூக்கிலேயே இரண்டு 20 மி.மீ. பீரங்கி, நான்கு இயந்திரத் துப்பாக்கி. எல்லாம் நேராகச் சுடும். ஸ்பிட்ஃபயரின் எட்டுத் துப்பாக்கிகளோ இறக்கையில். குறித்த தூரத்தில்தான் அவற்றின் குண்டுகள் ஒன்றுசேரும். நேருக்கு நேர் போனால் நஷ்டம் நமக்குத்தான்.

இறக்கைக்கு ஒன்றாக இரண்டு கனமான எஞ்சின் இருப்பதால் 110 சட்டென்று சாயாது. எதிரே வந்தால் விலகுங்கள். அது திரும்பி முடிப்பதற்குள் உள்வட்டமாக வளைந்து, வாலுக்குக் கீழே போய்விடுங்கள். பின்னால் இருப்பவரின் ஒற்றைத் துப்பாக்கி அங்கே எட்டாது.

ஆனால் இந்த வழி, 110 வளைய ஒத்துக்கொண்டால்தான் பலிக்கும். அன்றைக்கு அது குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவல் போனது. அவற்றை விட்டுவிட்டு ஓட முடியாது. சிமுலேட்டரில் 110 ஓட்டுகிறவருக்கு அந்தக் கட்டு கிடையாது. மேலிருந்து பாய்வார், அடிப்பார், அப்படியே போய்விடுவார். என் குறை இதுதான்: விமானத்தைக் கொண்டுவந்தவர்கள் அதன் வேலையைக் கொண்டுவரவில்லை. காவல் பணியோடு பறந்து பாருங்கள், 1940 புரியும்.