ஆடவிடாத நடன இசை: ஏஃபெக்ஸ் ட்வினின் பாதை

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில், 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரேவ் கொண்டாட்டங்களில் இசைத்தட்டு சுழற்றிக்கொண்டிருந்த ரிச்சர்ட் டி. ஜேம்ஸ், இரவின் கடைசியில் போடுவதற்கென்றே ஒரு உருப்படியைச் செய்தார். அதைக் கேட்டபின் ஒருவரும் ஆட முடியாமல் களைத்துப்போக வேண்டும் என்பதே எண்ணம் என்று பின்னாளில் சொன்னார். 1992இல் பெல்ஜியத்தின் ஆர் அண்ட் எஸ் நிறுவனம் அதை ‘டிட்ஜெரிடூ’ என்ற பெயரில் வெளியிட்டது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் அந்த நீண்ட ஊதுகுழலை அவர் கையில் எடுக்கவில்லை. அதன் உறுமலை மின்னணுக் கருவிகளிலிருந்தே வரவழைத்தார்.

ஏஃபெக்ஸ் ட்வின் என்ற பெயரில் உலகம் அறிந்த இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகக் கிறுக்குத்தனங்களில் ஆரம்பிப்பார்கள். ராணுவக் கவச வண்டி வைத்திருக்கிறார், லண்டனில் ஒரு பழைய வங்கிக் கட்டடத்தில் குடியிருந்தார், மிகக் குறைவாகத்தான் தூங்குகிறார், கனவில் அமைத்த இசையை எழுந்ததும் பதிவுசெய்கிறார் என்று போகும். லண்டன் எலிஃபண்ட் அண்ட் காசில் சந்திப்பில் நிற்கும் ஃபாரடே நினைவுச்சின்னம் அவர் வீடு என்ற கதைகூட உலவியது. அந்த எஃகுப் பெட்டிக்குள் இருப்பது சுரங்க ரயிலுக்கான துணைமின் நிலையம். பேட்டி எடுக்க வந்தவர்களிடம் அளந்துவிடுவதில் அவருக்குத் தனி ருசி உண்டு. இந்தக் கதைகளை நான் ஒரு திரையாகவே பார்க்கிறேன். தன் இசையை எப்போது, எந்தப் பெயரில், எந்த வழியில் வெளியே விடுவது, விடத்தான் வேண்டுமா என்பதையெல்லாம் தானே முடிவுசெய்யும் பிடிவாதம் அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கிறது. அவருடைய உண்மையான விசித்திரம் அதுதான்.

1971இல் அயர்லாந்தின் லிமெரிக்கில் பிறந்து கார்ன்வாலில் வளர்ந்தவர். இளம் வயதிலேயே சிந்தசைசர்களையும் டிரம் மெஷின்களையும் திறந்து உள்ளே கைவைக்கத் தொடங்கிவிட்டார். 1991இல் எக்ஸிடர் நகரின் மைட்டி ஃபோர்ஸ் என்ற சிறு லேபிள் அவருடைய ‘அனலாக் பபிள்பாத்’தை வெளியிட்டது. அதே ஆண்டில் நண்பர் கிரான்ட் வில்சன்-கிளாரிட்ஜோடு சேர்ந்து ரெஃப்லெக்ஸ் என்ற சொந்த லேபிளைத் தொடங்கினார். மைக் பாரடினாஸ், லூக் வைபர்ட் போன்றவர்களின் இசைத்தட்டுகள் அதன் வழியாக வந்தன. பத்திரிகைகளும் ரசிகர்களும் இந்தக் கூட்டத்தின் இசைக்கு ‘இன்டெலிஜென்ட் டான்ஸ் மியூசிக்’ என்று பெயர் சூட்டினார்கள். அப்படியானால் மற்றவர்கள் ஆடுவதெல்லாம் மூளையில்லாத இசையா என்ற கேள்வி ஜேம்ஸுக்கே இருந்தது. ரெஃப்லெக்ஸ்காரர்கள் தங்கள் பங்குக்கு ‘பிரெய்ன்டான்ஸ்’ என்ற குறும்புப் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

ஷெஃபீல்டின் வார்ப் நிறுவனம் 1992இல் ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ தொகுப்பை வெளியிட்டது. உறையில் ஒரு ரோபோ சாய்வு நாற்காலியில் கிடக்கிறது. தரையில் கிராஃப்ட்வெர்க், பிங்க் ஃப்ளாய்ட் இசைத்தட்டுகள். இனி இது வீட்டில் உட்கார்ந்து கேட்கும் இசை என்ற அறிவிப்பு அது. ஜேம்ஸும் அதில் இருந்தார், வேறொரு பெயரில். அதே ஆண்டு வந்த ‘செலக்டட் ஆம்பியன்ட் வொர்க்ஸ் 85–92’ தலைப்பை நம்பினால், அதன் முதல் பதிவுகளைச் செய்தபோது அவர் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன். நம்பலாமா என்பது வேறு விஷயம். கேசட்டில் பதிந்த மங்கல் இன்றும் அதில் கேட்கிறது, அந்த மங்கல்தான் அதன் அழகும்.

1994இல் வந்த அதன் இரண்டாம் பாகத்தையே அவருடைய ஆகப்பெரிய சாதனையாக நான் கருதுகிறேன். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் நீளும் தொகுப்பு. ஒன்றைத் தவிர எதற்கும் தலைப்பில்லை, பெயருக்குப் பதில் புகைப்படங்கள். பெரும்பாலானவற்றில் தாளமே கிடையாது. நடன இசையில் பெயரெடுத்த ஒருவர், தன்னை ஆட்டக்களத்தில் அறிந்தவர்களுக்கு இதைக் கொடுத்தார். சுரங்கள் நமக்குப் பழகிய பியானோ சுருதியிலிருந்து சற்றே விலகி நிற்கின்றன. கேட்பவருக்குக் காரணம் பிடிபடாத ஓர் அச்சம் அதனால்தான் வருகிறது என்று நினைக்கிறேன்.

1995இல் ‘தி வயர்’ இதழ் இவருடைய இசையை ஜெர்மானிய மேதை ஸ்டாக்ஹவுசனுக்குக் கேட்கக் கொடுத்தது. திரும்பத் திரும்ப வரும் தாளங்களை விட்டுவிட்டு என்னுடைய ‘கெசாங் டெர் யுங்லிங்க’வைக் கேள் என்றார் பெரியவர். அவர் என்னுடைய ‘டிட்ஜெரிடூ’வைக் கேட்கட்டும் என்றார் ஜேம்ஸ். இதை வெறும் வாய்த்துடுக்கு என்று ஒதுக்க முடியாது. ‘கெசாங்’ 1956இல் வந்தது. மின்னணு இசைக்கு ஒரு ஐரோப்பிய வானொலி நிலையத்தின் கூடம் தேவைப்பட்ட காலம் அது. ஜேம்ஸோ படுக்கையறையிலிருந்து வந்தவர்.

‘கம் டு டாடி’ (1997), ‘விண்டோலிக்கர்’ (1999) இரண்டையும் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. கிறிஸ் கன்னிங்ஹாம் இயக்கிய காணொளிகளில் ஜேம்ஸின் இளிக்கும் முகம் குழந்தைகள் உடலிலும் பெண்கள் உடலிலும் ஒட்டப்பட்டு உலகைச் சுற்றியது. நட்சத்திரமாகும் வாசல் திறந்திருந்தது. 2001இல் அவர் கொடுத்ததோ ‘ட்ரக்ஸ்’ என்ற இரட்டைத் தொகுப்பு. வெறிபிடித்த தாளங்களுக்கு நடுவே கணினி இயக்கும் பியானோவில் சின்னச் சின்ன உருப்படிகள், சிலவற்றுக்கு கார்னிஷ் மொழியில் தலைப்பு. விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அதிலிருந்த இரண்டு நிமிட ‘ஏவ்ரில் 14த்’ பின்னர் சோஃபியா கொப்போலாவின் ‘மேரி ஆன்டனெட்’ படத்துக்கும், கான்யே வெஸ்ட்டின் பாடல் ஒன்றுக்கும் போய்ச் சேர்ந்தது. இந்த நடன இசைக்காரரின் பெயரையே அறியாத பலருக்கும் அந்தப் பியானோ தெரியும்.

பிறகு பதின்மூன்று ஆண்டுகள் ஏஃபெக்ஸ் ட்வின் பெயரில் முழுத் தொகுப்பு எதுவும் வரவில்லை. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. 2005இல் ‘அனலார்ட்’ வரிசையில் பதினொரு வினைல் தட்டுகள் வந்தன. 2007இல் ‘தி டஸ்’ என்ற அறிமுகமில்லாத பெயரில் இசைத்தட்டுகள் வந்தபோது, இது அவரேதான் என்று ரசிகர்கள் காதை வைத்தே கண்டுபிடித்தார்கள். லேபிள் மறுத்துக்கொண்டிருந்தது. 2014இல், இருபது ஆண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட ‘காஸ்டிக் விண்டோ’ தொகுப்பின் சோதனைப் பிரதி ஒன்றை ரசிகர்கள் கூட்டாகப் பணம் போட்டு வாங்கினார்கள். அந்தத் தட்டு பின்னர் ஏலத்தில் 46,300 டாலருக்குப் போனது. வாங்கியவர் ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டை உருவாக்கிய மார்கஸ் பெர்சன். அதே ஆண்டு வந்த ‘சைரோ’வுக்கு கிராமி விருது கிடைத்தது. தொகுப்பைத் தயாரித்து விற்க ஆன செலவுகளின் பட்டியலே அதன் உறை.

விருது வாங்கிய கலைஞருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சந்தை ஒரு பாதை போட்டு வைத்திருக்கும். ஜேம்ஸ் 2015இல் தன் பிறந்த தேதியை எண்களாக்கி, ‘யூசர்18081971’ என்ற பெயரில் சவுண்ட்கிளவுடில் இருநூறுக்கும் மேற்பட்ட பழைய பதிவுகளை இலவசமாகக் கொட்டினார். அவற்றில் பாதி, சுமாரான இசைக்கலைஞர் ஒருவரின் வாழ்நாள் உழைப்புக்குச் சமம். மீதி அரைகுறை. பொறுக்கி எடுக்கும் வேலையைக் கேட்பவரிடமே விட்டுவிட்டார். இதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. ஒரு நல்ல தொகுப்பாளர் பக்கத்தில் இருந்திருந்தால், அந்தக் குவியலிலிருந்து மூன்று அரிய தொகுப்புகளாவது கிடைத்திருக்கும். ஆனால் தொகுப்பாளருக்குக் கட்டுப்படுகிறவர் அந்தக் குவியலைச் சேர்த்தே இருக்க மாட்டார்.

இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு தாங்குதூண் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். வார்ப் என்ற பொறுமையான நிறுவனம் இல்லாமல் இத்தனை தாமதங்கள் சாத்தியமில்லை. நண்பரோடு சேர்ந்து அவர் தொடங்கிய ரெஃப்லெக்ஸ் 2014இல் மூடப்பட்டது.

அண்மைக் காலத்தில் அவருடைய கவனம் கருவிகள் பக்கம் திரும்பியிருக்கிறது. கோர்க் நிறுவனத்தின் மோனோலாக் சிந்தசைசரில் சுருதியை விருப்பம்போல் மாற்றிக்கொள்ளும் வசதி வந்ததில் அவர் பங்கு இருக்கிறது. ஓர் ஒலியை இன்னோர் ஒலியின் துணுக்குகளால் மறுபடி கட்டும் ‘சாம்பிள்பிரெய்ன்’ மென்பொருளை, நிரலர் டேவ் கிரிஃபித்ஸின் துணையோடு 2022இல் இலவசமாக வெளியிட்டார். 2023இல் நான்கே உருப்படிகளோடு ஒரு சிறு தட்டு வந்தது. அடுத்த முழுத் தொகுப்பு எப்போது என்று ரசிகர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.