கப்பற் கயிறும் நூற்சான்றும்

பழைய பாய்மரக் கப்பல்களின் மாதிரிகளைச் செய்வோர், உடற்பகுதியை அளவு பிசகாது அமைத்துவிட்டுக் கயிற்றமைப்பிலே கற்பனைக்கு இடங்கொடுத்தல் பெருவழக்கு. மரம் நெடுங்காலம் நிற்பது. கயிறோ கப்பல் ஓடிய நாளிலேயே தேய்ந்து மாற்றப்பட்டது. ஆதலின் நூல்களே இங்குப் பெருந்துணை. அவற்றைப் படிக்கும் முறையிலேதான் தவறு நேர்கின்றது.

1794இல் இலண்டனில் வெளிவந்த டேவிட் ஸ்டீலின் நூல், கயிறு திரித்தலையும் பாய் தைத்தலையும் பாய்மரம் அமைத்தலையும் ஒருங்கே விளக்குவது. அதன் அட்டவணைகளில் கயிற்றின் அளவு சுற்றளவாகத் தரப்பட்டுள்ளது; விட்டமாக அன்று. 18 அங்குல வடமொன்றின் விட்டம் ஏறக்குறைய 5¾ அங்குலமே. 48இல் ஒரு பங்காகச் செய்யும் மாதிரியில் அது 3 மில்லிமீற்றர் தடிப்புடையதாதல் வேண்டும். சுற்றளவை விட்டமெனக் கொண்டவர் கையிலோ அது ஒன்பதரை மில்லிமீற்றராகிவிடும். பாய்மரத்தைத் தாங்க வந்த கயிறு கப்பலையே விழுங்கிவிடும்!

இதனினும் பெரிய தவறு காலத்தை மறத்தல். ஸ்டீல் தம் காலத்து வழக்கையே எழுதினார். கப்பலின் முன்புறம் நீண்டிருக்கும் கோலின் நுனியில் நிமிர்ந்து நின்ற சிறு பாய்மரம் 17ஆம் நூற்றாண்டிற்கு உரியது. ஸ்டீலின் நாளில் அது வழக்கொழிந்து நெடுங்காலமாயிற்று. அச்சிறு பாய்மரம் வழங்கிய 1600 முதல் 1720 வரையான காலத்தையே ஆர். சி. அண்டர்சன் 1927இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். ஆங்கில வழக்கைப் பிறநாட்டு வழக்கோடு ஒப்பிட்டு வேறுபாடு காட்டுவதே அந்நூலின் பெருஞ்சிறப்பு. மாதிரி செய்வோருக்கென அவர் 1955இல் வெளியிட்ட கைந்நூல் எளியது. எனினும் ஆங்கிலக் கப்பல்களையே பொருளாகக் கொண்டது. எளிமை கருதி அதனை எந்நாட்டுக் கப்பலுக்கும் ஏற்றுவோர் நூலாசிரியர் கூறாததை அவர்மேற் சுமத்துகின்றனர்.

பழைய மாதிரிகளை நம்பலாமெனின், அவற்றுட் பலவற்றின் கயிறுகள் பிற்காலத்தவராற் புதிதாகக் கட்டப்பட்டவை. இன்று பிழைபடச் செய்யும் மாதிரியும் நாளை நூதனசாலைப் பேழையிற் சான்றாக நிற்கக்கூடும்.

கப்பலே கிடைத்தாலும் ஐயம் முற்றாக நீங்குவதில்லை. 1628இல் மூழ்கிய சுவீடன் நாட்டு 'வாசா' 1961இல் மேலே கொணரப்பட்டது. ஒல்லாந்தத் தச்சரின் தலைமையில் உருவான அக்கப்பலுக்கு ஆங்கிலக் கைந்நூல் ஒன்றே போதாது. அதன் பத்துப் பாய்களுள் ஆறு கிடங்கில் வைத்தபடியே கிடைத்தன. விரிக்கப்பட்டிருந்த நான்கும் கிடைத்தில. அவற்றை ஏந்திய கயிறுகள் ஓடிய வழியைக் கப்பிகளையும் சமகால ஓவியங்களையும் ஒப்பிட்டே துணிதல் வேண்டும்.