விளிம்பிலிருந்து ஓர் ஆள் அகலம்

அந்தக் கிளிப்பை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். டஸ்ட் 2, லாங் கார்னர். காவல் பக்கத்து ஆள் ஏ-யில் நின்று மூலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய கிராஸ்ஹேர் சுவரின் விளிம்பில் இல்லை. விளிம்பை விட்டுத் தள்ளி, ஒன்றுமே இல்லாத வெட்டவெளியில் நிற்கிறது. ஏகே பிடித்த ஒருவன் வெளியே பாய்கிறான், நிற்கிறான், விழுகிறான். மவுஸ் நகர்ந்த மாதிரியே தெரியவில்லை. பார்த்தவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் லக் என்றார்கள். கேஸ்டர்கள்கூட, எதிரி தானாக வந்து குறியில் மாட்டிக்கொண்டான் என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இல் இன்று இருக்கும் எய்ம்களில் ஆகச் சிறந்தது அதுதான் என்பது என் கட்சி. அவர் பெயர் வேண்டாம். தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு யாரென்று தெரியும். இந்தப் பத்தி முடியும்வரை அவர் நம்மாள். ஓரவஞ்சனை தெரிகிறதா? தெரியட்டும்.

கிராஸ்ஹேரைத் தலை உயரத்தில் வைக்க வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடப் பையன்களும் சொல்வார்கள். நான் பேசுவது அதைப் பற்றியல்ல. சுவர் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது? ஒரு ரவுண்டில் பத்துப் பதினைந்து முறை எடுக்கும் முடிவு இது. இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். கண்ணில் பட்டதிலிருந்து விரல் அழுத்துவதற்கு மனிதனுக்கு ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிவினாடி ஆகிறது. நல்ல வீரர்கள் 200-ஐ ஒட்டி வருவார்கள், அதற்குக் கீழே பெரிதாக இறங்க நரம்பு இடம் கொடுக்காது. ஏகே ஏந்தி ஓடுபவனின் முழு வேகம் வினாடிக்கு 215 யூனிட். 200 மில்லிவினாடியில் 43 யூனிட் ஓடிவிடுவான். ஆட்டத்தில் ஓர் ஆளுக்கு ஒதுக்கியிருக்கும் அகலமே 32 யூனிட்தான். குறியை விளிம்போடு ஒட்டி வைத்துக் காத்திருந்தால், அவன் தெரிந்து நீங்கள் சுடும்போது அவன் முழு உடம்பும் குறியைத் தாண்டியிருக்கும். இதோடு நெட்வொர்க் தாமதம் வேறு. பாய்கிறவன் தன் திரையில் உங்களை முதலில் பார்த்துவிடுகிறான். அவன் நகர்ந்த சேதி சர்வர் வழியாக உங்களுக்கு வந்து சேர்வதற்குள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருப்பான். பிறகு நீங்கள் மவுஸை இழுத்து அவனைத் துரத்துகிறீர்கள். அந்தத் துரத்தலைத்தான் ஃபிளிக் என்று பெயர் வைத்து, வேகத்தைக் குறைத்து, பின்னணி இசை சேர்த்து ஹைலைட்டில் போடுகிறார்கள்.

நம்மாள் துரத்துவதில்லை. ஓடிக்கொண்டே ஏகே சுட்டால் குண்டு ஊர் மேய்ந்துவிடும். பாய்ந்து வருகிறவன் எதிர்த்திசை விசையைத் தட்டி நின்றே ஆகவேண்டும். கவுன்டர்-ஸ்ட்ரேஃப் தெரியாதவன் அந்த மட்டத்தில் ஆடுவதே இல்லை. ஆக, அவன் பாதையில் அசையாமல் இருக்கும் இடம் ஒன்றே ஒன்று. அவன் தெரியப்போகும் இடத்தை விட்டுவிட்டு, நிற்கப்போகும் இடத்தில் நம்மாள் குறியை வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். அவன் காலை ஊன்றும்போது இவர் விரல் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கிறது.

இந்த இடைவெளிக்கு நிலையான அளவு கிடையாது. அதே 43 யூனிட், மூலையிலிருந்து 300 யூனிட் தூரத்தில் நிற்பவருக்குச் சுமார் 8 பாகை. 1500 யூனிட் தள்ளி நிற்பவருக்கு 2 பாகைகூட இல்லை. அவர் ஆடிய ஆட்டத்தின் பதிவான டெமோவைத் திறந்து, எதிரியைப் பார்க்காமல் கிராஸ்ஹேரை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு எதிரியும் தெரிவதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்துங்கள். மூலையை விட்டுப் பின்வாங்கும்போதெல்லாம் குறி விளிம்பை நெருங்கும், முன்னேறும்போது விலகும். கால் நகர்வதும் குறி நகர்வதும் ஒரே வேலையாக நடக்கும்.

எதிரணியின் காசையும் அவர் இதில் சேர்த்துக்கொள்கிறார். பணமில்லாத ரவுண்டில் குளோக் வைத்திருக்கிறவன் வினாடிக்கு 240 யூனிட் ஓடுவான். தூரத்தில் நின்று சுட்டுப் பயனில்லை என்பதால் அகலப் பாய்ந்து நெருங்கப் பார்ப்பான். அப்போது இடைவெளி பெருத்துவிடும். 4,750 டாலர் கொடுத்து ஏடபிள்யூபி வாங்கியவன் 200 யூனிட் வேகத்தில், ஓரமாக, சிக்கனமாகத்தான் எட்டிப்பார்ப்பான். அந்த ரவுண்டில் நம்மாளின் குறி சுவரை உரசிக்கொண்டு நிற்கும். ரவுண்ட் தொடங்கும்போதே அவர் ஸ்கோர்போர்டைத் திறந்து பார்ப்பது எதற்கு என்று நினைத்தீர்கள்?

இதில் காவல் பக்கத்துக்கு ஓர் அநியாயம் உண்டு, ஆட்டத்தை உருவாக்கிய வால்வ் தெரிந்தே வைத்திருக்கும் அநியாயம். ஏகே ஒரே குண்டில் ஹெல்மெட்டோடு தலையைத் தூக்கிவிடும். எம்4ஏ4 அதே தலையில் பக்கத்திலிருந்தே 92 தான் எடுக்கும்; எட்டு உயிரோடு அவன் நின்று திருப்பிச் சுடுவான். இரண்டாவது குண்டும் வேண்டும், அதற்கும் குறி நகராமல் இருக்க வேண்டும். ஃபிளிக் அடித்து முதல் குண்டை ஏற்றியவரின் மவுஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். நம்மாளுடையது நின்ற இடத்தில் நிற்கும். காவல் பக்கத்தில் இந்தப் பழக்கம் இல்லாமல் காலம் தள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஏகே பக்கத்திலேயே ஆடிப் பெயரெடுத்தவர்கள்.

கிரிக்கெட்டிலும் இதே கூத்துதான். பந்துவீச்சாளரின் வேகம் பார்த்துச் சரியான இடத்தில் நின்ற ஸ்லிப் ஃபீல்டருக்குப் பந்து வயிற்றுக்கு நேராக வரும், லட்டு கேட்ச் என்று சொல்லிவிட்டு அடுத்த பந்துக்குப் போய்விடுவோம். இரண்டடி தப்பாக நின்றவர் பாய்ந்து பிடித்தால் அரங்கமே எழுந்து நிற்கும்.

எய்ம் வரவில்லை என்று வருத்தப்படும் பையன்கள் கோவாக்ஸிலும் எய்ம் லேபிலும் மணிக்கணக்கில் பந்துகளைச் சுடுகிறார்கள். கை பழகும், தப்பில்லை. ஆனால் அங்கே பந்து எங்கே வேண்டுமானாலும் முளைக்கிறது; ஆட்டத்தில் ஆள் மூலையிலிருந்துதான் வருவான், அந்த மூலை உங்களுக்கு முன்பே தெரியும். 1954-லேயே பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்: கை போகவேண்டிய தூரம் கூடினாலும் இலக்கு சிறுத்தாலும் நேரம் கூடும். தலையின் அளவை நம்மால் பெரிதாக்க முடியாது. குறைக்கக்கூடியது தூரம் ஒன்றுதான்.

யாரோ ஒரு சாம்பியனின் சென்சிட்டிவிட்டியைக் காப்பியடிப்பது இன்னொரு வியாதி. டிபிஐ 800, சென்சிட்டிவிட்டி 1 என்று வைத்தால் முழுச் சுற்றுத் திரும்ப மவுஸ் சுமார் 52 சென்டிமீட்டர் போகவேண்டும். மேலே சொன்ன 8 பாகைக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அந்த ஒரு சென்டிமீட்டரைத் தவிர்க்கத் தெரியாதவருக்கு எந்த எண்ணும் கைகொடுக்காது. டெத்மேட்சில் ஒரு வாரம் ஃபிளிக்கே அடிக்கமாட்டேன் என்று ஆடிப்பாருங்கள். முதல் இரண்டு நாள் மானம் போகும். பிறகு மூலைகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

நம்மாளைப் பிடிக்காதவர்களிடமும் கிளிப்புகள் இருக்கின்றன. எதிரி பாயாமல் தோளை மட்டும் காட்டிவிட்டு உள்ளே போகிறான். குறி வெட்டவெளியில் தேமே என்று நிற்கிறது. அடுத்த முறை ஓரத்திலேயே நின்று இவரைச் சுட்டுவிடுகிறான். நிஜம்தான், நடக்கிறது. நிற்குமிடத்தை ஊகிக்கிறவர் சில நேரம் தப்பாக ஊகிப்பார். அதற்காக ஒவ்வொரு முறையும் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருப்பது, ஒவ்வொரு முறையும் 43 யூனிட் பின்தங்கித் தொடங்குவதற்குச் சம்மதிப்பது.

இனி வரப்போவதைச் சொல்கிறேன். 2024 ஆகஸ்டில் வால்வ், விரல் செய்யவேண்டிய நிற்றலை விசைப்பலகையே செய்துகொடுக்கும் வசதிகளைத் தன் சர்வர்களில் தடுத்தது. ரேஸரின் ஸ்னாப் டேப் அதில் அடிபட்டது. இயந்திரம் நிறுத்தியபோது எல்லோரும் ஒரே மாதிரி நின்றார்கள். இப்போது மறுபடி விரல். ஒருவன் இரண்டாவது அடியில் நிற்பான், இன்னொருவன் மூன்றாவதில், அவசரத்தில் நாலாவதிலும் போய் நிற்பான். அடுத்த சீசனுக்குள் பெரிய அணிகளின் அனலிஸ்ட்கள் எதிரணி ஆட்களின் நிற்குமிடத்தைப் பெயர் வாரியாகக் குறித்துவைக்கத் தொடங்குவார்கள். அதற்கடுத்து, தாக்கும் பக்கம் வேண்டுமென்றே நிற்குமிடத்தை மாற்றும். இரண்டு பேர் சேர்ந்து, ஒருவன் ஓரத்திலும் ஒருவன் அகலத்திலுமாகப் பாய்வது இன்றைக்கு இருப்பதைவிட இரண்டு பங்கு கூடும். நேரலையில் இந்த இடைவெளியைக் கோடு போட்டுக் காட்டும் கிராஃபிக்கும் வரும். வந்ததும், முன்பே தெரியும் என்று சொல்லப் போகிறவர்கள் யாரென்று எனக்கு இப்போதே தெரியும்.

வேலரன்ட் ஆட்டத்தில் இந்த மாற்றம் இன்னும் சீக்கிரம் நடக்கும். அங்கே உயிர் 100, கனமான கவசம் 50. வேண்டல் துப்பாக்கி எந்தத் தூரத்திலும் தலையில் 160 எடுக்கும், இரு பக்கத்துக்கும் ஒரே கடை. நம்மாள் அங்கே தாவினால் அந்த எம்4 அநியாயம்கூட இருக்காது. தாவமாட்டார் என்பது வேறு விஷயம்.

அவருடைய அணியோ, இந்த இடைவேளையில் எய்ம் உள்ள பையன் வேண்டும் என்று சொல்லி அவரை பெஞ்சுக்கு அனுப்பும். மலிவாகப் போவார். வாங்குகிறவர்கள் டஸ்ட் 2-இல் லாங்கையும் இன்ஃபெர்னோவில் பனானாவையும் அவர் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டு வேறு எதையும் மாற்றாமல் இருந்தால், அந்த வருடமே ஏதாவது ஒரு பெரிய தொடரின் அரையிறுதியில் நிற்பார்கள். மிராஜில் மட்டும் ஏ-யைத் தனியாக அவர் தலையில் கட்டவேண்டாம். ரேம்ப், பேலஸ் என்று இரண்டு பக்கமும் ஒரே ஆள் திரும்பவேண்டிய ரவுண்டுகளில் இந்த முறை பாதிதான் வேலை செய்யும். அங்கே ஃபிளிக் அடிக்கும் பையன் ஒருவனையே நிறுத்துங்கள்.