பாதியில் நிற்கும் கதை

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 1875-லேயே பென்னிங்டன் நூலகம் வந்துவிட்டது. இன்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குக் கதை வருவது வாட்ஸ்அப்பில்; அதுவும் அப்பா மில் ஷிப்ட் முடிந்து போனோடு வந்தால்தான். அந்த நேரம் பார்த்து வகுப்புக் குழுவில் நூலகப் பொறுப்பு டீச்சர் போடும் குரல்பதிவு எனக்கு அவ்வளவு பிடிக்கும். 2023-இல் தமிழகப் பள்ளிக் கல்வித்துறை தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் 'நுழை, நட, ஓடு, பற' நிலைப் புத்தகங்களில் ஒன்றை எடுத்து வாசிப்பார். பின்னணியில் குக்கர் விசில் அடிக்கும். கதை சூடுபிடிக்கும் வரியில் டக்கென்று நிறுத்திவிடுவார். எந்த வரியில் நிறுத்துவது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. நல்ல கதைசொல்லிக்கே அது வாய்க்கும். மறுநாள் பிரேயருக்கு முன்பே, மீதிக் கதைக்காகப் புத்தக பீரோ சாவியைக் கேட்டுப் பிள்ளைகள் டீச்சரை மொய்த்துக்கொள்வார்கள்.